குவாய் பாலத்துக் கேணல்

மயிலிட்டியில் ஒரு வீட்டின் முன் விறாந்தைச் சுவரில், யேசுவின் திரு இருதயப் படத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணாடிச் சட்டமிட்ட பழைய புகைப்படம் ஒன்று தொங்குகிறது. ஏதோ ஒரு சஞ்சிகையிலிருந்து வெட்டி எடுத்த தாள். ஓரங்கள் பழுத்துவிட்டன. இரு பக்கமும் மலை, நடுவே ஆறு, ஆற்றின் குறுக்கே பாதி எழும்பி நிற்கும் ஒரு மரப்பாலம். பெரிய பெரிய மரக்குற்றிகள் கரையிலே குவிந்து கிடக்க, மூங்கிற் சாரத்தின் மேல் மனிதர்கள் எறும்புகள்போல நிற்கிறார்கள்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மயிலிட்டி மக்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட கதையை, வாசகர்களே, நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்களிற் பலர் அந்த நடையை நடந்தவர்கள். அந்த வீட்டார் அன்று எடுத்துச் சென்ற ஒரு பையில் திரு இருதயப் படமும் இந்தப் புகைப்படமும் இருந்தன. 27 ஆண்டுகள் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் அந்தப் பை அவர்களோடு அலைந்தது. 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே துறைமுகமும் அதனை அண்டிய காணிகளும் விடுவிக்கப்பட்ட பின்னர், கூரையில்லாத வீட்டைத் திருத்தி முடித்து, முதல் வேலையாக இரண்டு படங்களையும் மாட்டினார்களாம்.

வீடு மந்திரிக்கப் போன இடத்திலேதான் நான் அதைக் கண்டேன். வீட்டிலுள்ள முதியவர் விளக்கம் சொன்னார். அவருடைய தகப்பனாரின் தமையன் போருக்கு முன்னர் மலாயாவுக்குப் போய், ஒரு றப்பர் தோட்டத்திலே கிராணியாக வேலை பார்த்தவர். மாதா கோவில் திருநாளுக்குத் தவறாமல் மணியோடர் அனுப்பியவர். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பின்னர் கடிதம் நின்றுவிட்டது. சமாதானம் வந்து சில காலத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிய ஒருவர், அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனதாகச் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. அந்தப் பாதையிலுள்ள பெரிய பாலத்தின் படம் இதுதான் என்று யாரோ கொடுக்க, அன்று தொடக்கம் மரித்த விசுவாசிகளின் நாளிலே இதன் கீழ் ஒரு மெழுகுதிரி எரிகிறது.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது சயாம் அல்ல, நமது கித்துல்கல. ஆறு களனி கங்கை. கட்டப்படுவது ஒரு சினிமாவுக்கான பாலம். அன்று நான் சொல்லவில்லை. மெழுகுதிரிக் கறை படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அடுத்த முறை போனபோதுதான் சொன்னேன். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஒன்றே ஒன்று கேட்டார். அப்படியானால் உண்மையான பாலம் எங்கே இருக்கிறது, அங்கே சேமக்காலை இருக்கிறதா, அதிலே பெயர்கள் எழுதியிருக்கிறார்களா என்று. விசாரித்துப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுத உட்கார்ந்தபோது, ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கையைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று கண்டேன்.

முதலிற் சினிமாவைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952இல் ஒரு நாவல் எழுதினார். போருக்கு முன்னர் மலாயாவிலே றப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். ஆனால் சயாம் பாலத்தை அவர் கண்டதில்லை. யப்பானியரிடம் கைதியான ஒரு பிரித்தானியக் கேணல், தன் இராணுவப் பெருமையை நிலைநாட்டும் ஆவேசத்தில், பகைவனுக்கே ஒரு சிறந்த பாலத்தைக் கட்டிக்கொடுத்து, அதைத் தகர்க்க வந்த தன் நாட்டவரையே தடுக்க முனைகிறார் என்பது கதை. டேவிட் லீன் அதைப் படமாக்க இலங்கைக்கு வந்தார். கித்துல்கலவில் யானைகள் மரம் இழுக்க, நம் நாட்டுத் தொழிலாளர் சாரம் ஏற, 425 அடி நீளமான பாலம் எழும்பியது. 1957ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே, பிரதமர் பண்டாரநாயக்காவும் பார்த்திருக்க, ஒரு பழைய புகையிரதத்தோடு அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள். கேணலாக நடித்த அலெக் கின்னஸ் உலகப் புகழ் பெற்றார். அவர் அந்தப் படத்தில் நடிப்பதற்குச் சற்று முன்னர்தான் கத்தோலிக்க விசுவாசி ஆனவர் என்பதை இடையிலே சொல்லிவைக்கிறேன்.

நாவலாசிரியர் தமது கேணலை இந்தோசீனாவிலே தாம் கண்ட பிரெஞ்சு அதிகாரிகளை வைத்தே படைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பாலம் கட்டப்பட்ட முகாமிலே கைதிகளின் தலைவராக இருந்த பிரித்தானியக் கேணல் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். உலகம் வேறு என்ன எண்ணும்? சினிமாக் கேணலின் பழி அவர் தலையிலே விழுந்தது.

அவர் பெயர் பிலிப் டூசி. 1904ஆம் ஆண்டு ஆவணி மாதம் 12ஆந் திகதி, இங்கிலாந்திலே லிவர்ப்பூல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட்டிற் பிறந்தார். ஏழு பிள்ளைகளுள் மூத்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசில் கிடைத்தபோதும், தகப்பனார் சம்மதிக்கவில்லை. மாமனாரின் பருத்தி வியாபாரத்திலே தொழில் பழகப் போனார். மூத்த பிள்ளையின் படிப்பு வீட்டு நிலைமைக்காக நிற்பது எங்கள் ஊர்களுக்குப் புதிதல்லவே. பின்பு பேரிங்ஸ் என்னும் வங்கியின் லிவர்ப்பூல் கிளையிற் சேர்ந்தார். 1927 முதல் தொண்டர் படையிலே பீரங்கிப் பிரிவு அதிகாரியாகவும் இருந்தார். 1932இல் விவாகம். இரண்டு ஆண், ஒரு பெண், மூன்று பிள்ளைகள். போர் வராதிருந்தால், கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்து முடித்திருக்கக்கூடிய மனிதர்.

போர் வந்தது. 1940இல் டன்கேர்க் கரையிலிருந்து தப்பி மீண்ட படைகளோடு அவரும் வந்து சேர்ந்தார். 1941இன் இறுதியிலே ஒரு பீரங்கி அணிக்குத் தலைவராகக் கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். சிங்கப்பூரைக் காக்க நடந்த சண்டையிலே காட்டிய வீரத்துக்காக அவருக்கு உயர்ந்த பதக்கமும் கிடைத்தது. ஆனால் அவர் யார் என்பதை நமக்குக் காட்டுவது அந்தப் பதக்கமல்ல. 1942ஆம் ஆண்டு மாசி மாதம் 12ஆந் திகதி, சிங்கப்பூர் விழப்போகிறது என்று தெரிந்துவிட்ட நேரம், அனுபவமுள்ள சில அதிகாரிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட மேலிடம் தீர்மானித்தது. டூசிக்கும் கட்டளை வந்தது. அவர் மறுத்துவிட்டார். தம்முடைய ஆட்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் போக முடியாது என்பதே அவருடைய பதில். மூன்று நாள் கழித்துச் சிங்கப்பூர் விழுந்தது. எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட படையினரோடு அவரும் கைதியானார்.

பர்மாவில் இருந்த தமது சேனைக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது யப்பானியருக்கு ஆபத்தாயிற்று. எனவே சயாமிலிருந்து பர்மாவுக்குக் காடும் மலையும் ஊடறுத்து 415 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை போடத் துணிந்தார்கள். அந்தப் பாதை காஞ்சனபுரி என்ற ஊருக்கு அண்மையிலே மே குளோங் என்ற ஆற்றைக் கடக்கவேண்டும். அவ்விடத்து முகாமுக்குப் பெயர் தாமர்க்கான். 1942ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே டூசி அங்கே கைதிகளின் தலைவராகக் கொண்டுவந்து விடப்பட்டார். குவாய் என்ற பெயர் அந்த ஆற்றுக்கு அப்போது இல்லை. படம் பார்த்துவிட்டு வரும் உல்லாசப் பயணிகள் குவாய் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தபடியால், 1960இல் ஆற்றின் பெயரையே மாற்றினார்கள். சினிமாவின் வல்லமையைப் பாருங்கள்!

அங்கே கட்டப்பட்டவை இரண்டு பாலங்கள். முதலில் மரப்பாலம், பின்பு கொங்கிறீற் தூண்களின் மேல் யாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இரும்பு வளைவுகளை ஏற்றிய பாலம். மரக்குற்றிகளை ஆற்றுப் படுக்கையிலே அறைவதற்கு இயந்திரம் இல்லை. பாரமான ஓர் இரும்பைக் கப்பியிலே கட்டி, வடத்தின் இரு பக்கமும் கைதிகள் நின்று இழுத்து உயர்த்தி, ஒரேயடியாக விடுவார்கள். கரைவலை இழுக்கும்போது நம்மவர் அம்பா பாடுவதுபோல, அவர்கள் யப்பானிய மொழியில் எண்ணிக்கொண்டே இழுக்கவேண்டும். இடுப்பளவு தண்ணீர். காலை முதல் இருட்டும்வரை. வயிற்றோட்டமும் மலேரியாவும் கால்களிலே அழுகும் புண்களுமாய், கோவணம் மட்டும் கட்டிய எலும்புக் கூடுகள் செய்த வேலை அது.

டூசி செய்தது என்ன? வேலை செய்ய முடியாது என்று நின்றிருந்தால் ஆட்களைச் சுட்டிருப்பார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். எனவே வேலையை ஏற்றுக்கொண்டு, அதையே பேரம் பேசும் பொருளாக்கினார். பட்டினி கிடப்பவனாற் பாலம் கட்ட முடியாது, நோயாளியை இழுத்து வந்தால் வேலை பின்தங்கும் என்று யப்பானிய அதிகாரிகளுக்கு நாள்தோறும் எடுத்துச் சொல்லி, சோற்றின் அளவைக் கூட்டினார், ஓய்வு நாளைப் பெற்றார், கடும் நோயாளிகளை வேலைக்குப் போகாமல் மறித்தார். தம் ஆட்களை அடித்தால் உடனே போய் முறைப்பாடு செய்வார். அதற்காகத் தாமும் அடி வாங்குவார். மறுநாளும் போவார். அதிகாரிகளுக்கென்று தனிக் குடிசை, தனிச் சமையல் என்பதற்கு அவர் இடங்கொடுக்கவில்லை. மலசலகூடம் வெட்டுவதிலும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலும் அவர் காட்டிய கண்டிப்பைச் சிலர் ஆரம்பத்திலே வெறுத்தார்கள். அந்தக் கண்டிப்புத்தான் அவர்களைக் காப்பாற்றியது. காஞ்சனபுரியிலே பூன்பொங் என்ற சயாமிய வியாபாரி, முகாமுக்கு மரக்கறி கொண்டுவரும் சாக்கிலே மருந்தும் பணமும் கடத்திக் கொடுத்தார். பிடிபட்டிருந்தால் அந்த மனிதரின் குடும்பமே அழிந்திருக்கும்.

மறு பக்கத்திலே, கொங்கிறீற்றைத் தவறான அளவிலே கலப்பதும், கறையான்களைப் பிடித்துவந்து மரத்தூண்களில் விடுவதும் இரகசியமாக நடந்துகொண்டிருந்தன. தலைவரின் மனமறிந்துதான் நடந்தன. இரண்டு அதிகாரிகள் தப்பியோடத் திட்டமிட்டபோது, ஒரு மாதத்துக்கான உணவைச் சேர்த்துக் கொடுத்து, அவர்கள் இல்லாததை 48 மணித்தியாலம் மறைத்தவரும் டூசிதான். ஒரு மாதத்தின் பின் அவர்கள் பிடிபட்டுத் துப்பாக்கிச் சனியனாற் குத்திக் கொல்லப்பட்டார்கள். மறைத்த குற்றத்துக்குக் கேணலுக்குத் தண்டனை கிடைத்தது. சினிமாக் கேணலோ, தப்பியோடுவதைத் தம் ஆட்களுக்குத் தடைசெய்தவர்!

பகைவனின் பாலத்தைக் கட்ட உதவியது சரியா என்று நீங்கள் கேட்கலாம். தீமைக்கு எந்த அளவு ஒத்துழைப்பது பாவம் என்ற பாடத்தைக் குருமடத்திலே நாங்கள் நீண்ட நாட்கள் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். நாற்காலியில் இருந்து எழுதிய விடைகள் அவை. டூசிக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவல்ல. அந்தப் பாதையால் பர்மாவுக்குச் சுடுகலங்கள் போயின என்பதும் உண்மை. அவருடைய கணக்கு வேறாக இருந்தது. பாலம் எப்படியும் எழும்பும், அவர்கள் செத்தாலும் வேறு ஆட்களைக் கொண்டு எழுப்புவார்கள், தம் கையில் இருப்பது எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்புவார்கள் என்பது மட்டுமே. 1943ஆம் ஆண்டின் முற்பகுதியிலே பாலங்கள் முடிந்தபோது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்த அந்த முகாமிலே இறந்தவர்கள் பத்துக்கும் குறைவு. நான் இதை இரண்டு தரம் சரிபார்த்தேன். அதே பாதையின் வேறு முகாம்களிலே கைதிகள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள்.

பாலம் முடிந்த பின் தாமர்க்கான் நோயாளர் முகாமாயிற்று. மேலே காட்டிலிருந்து வந்திறங்கிய நோயாளர்களை டூசியின் ஆட்கள் பராமரித்தார்கள். பிறகு அவரை வேறு முகாமுக்கு மாற்றினார்கள். கடைசியில் அதிகாரிகளையெல்லாம் ஆட்களிடமிருந்து பிரித்தே வைத்தார்கள். 1945 ஆவணியிலே யப்பான் சரணடைந்தது. விடுதலையான எவனும் வீட்டு வழியைத்தான் தேடுவான். டூசி சுமார் முந்நூறு மைல் மறுதிசையிலே பிரயாணம் செய்து தம் ஆட்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் போனார். அவர்களைக் கண்டு, எண்ணி, ஒழுங்கு செய்த பின்னரே தமது பயணத்தைப் பற்றி யோசித்தார்.

இன்னுமொன்று. தாமர்க்கான் முகாமிலே யப்பானியப் பொறுப்பாளர்களில் ஒருவர் சைத்தோ என்ற சார்ஜன்ட் மேஜர். கண்டிப்பானவர், ஆனால் நீதி தெரிந்தவர். போர்க் குற்ற விசாரணைகள் தொடங்கி, அந்தப் பாதையிலே கொடுமை செய்த பலர் தூக்குமேடைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலே, டூசி அந்த மனிதருக்காகச் சாட்சி சொன்னார். சைத்தோ விடுவிக்கப்பட்டார். சினிமாவிலே கொடுமைக்காரத் தளபதிக்கு வைத்த பெயரும் சைத்தோ. இரண்டு மனிதருக்கும் அந்தப் படம் ஒரே அநியாயத்தைச் செய்துவிட்டது.

வீடு திரும்பிய டூசி மீண்டும் வங்கி மேசையிலே உட்கார்ந்தார். படம் வெளிவந்தபோது, அவரோடு இருந்த பழைய கைதிகள் கொதித்துப்போனார்கள். தமது பெயரை முன்னிறுத்தி வழக்காட அவர் விரும்பவில்லை. அவர்களுடைய பென்சனுக்காகவும், ஆண்டுகள் பல கழிந்தும் உடலை விட்டு நீங்காத வெப்பநாட்டு நோய்களுக்கான சிகிச்சைக்காகவுமே அலைந்தார். லிவர்ப்பூலிலுள்ள வெப்பநாட்டு மருத்துவக் கல்லூரியிலே அவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ததிலே அவருக்குப் பெரும் பங்குண்டு. கீழைத்தேசப் போர்க் கைதிகள் சங்கத்துக்குத் தேசியத் தலைவராகவும் இருந்தார். முதுமையிலேதான், நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, பீற்றர் டேவிஸ் என்ற பேராசிரியருக்கு 48 மணித்தியாலம் தமது கதையைச் சொல்லி ஒலிப்பதிவு செய்ய விட்டார். தாம் இறந்த பின்பே அது வெளிவர வேண்டும் என்பது நிபந்தனை. 1974இல் அவருக்குச் 'சேர்' பட்டம் கிடைத்தது. 1975ஆம் ஆண்டு மார்கழி 22ஆந் திகதி, நத்தாருக்கு மூன்று நாள் முன்னதாக, இறைபதம் அடைந்தார். டேவிஸ் எழுதிய நூல் 1991இல் வந்தது. 2005இல் அவருடைய பேர்த்தி ஜூலி சமர்ஸ் இன்னொரு நூல் எழுதினார். இடையிலே 1984இல் சைத்தோ, வயோதிபராய், யப்பானிலிருந்து இங்கிலாந்துக்குப் பயணம் செய்து டூசியின் கல்லறையைத் தரிசித்துப் போனார்.

இனி மயிலிட்டிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

உண்மையான இரும்புப் பாலம் இன்றும் காஞ்சனபுரியில் நிற்கிறது. 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டுபோட்டு உடைத்த இடத்திலே புதிய இரும்புச் சட்டங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். வளைந்தவை பழையவை, நேராக இருப்பவை புதியவை. ரயில் ஓடுகிறது. அருகே போர்ச் சேமக்காலை இருக்கிறது. 6,982 கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி நட்டு, மிகுந்த கவனத்தோடு பராமரிக்கப்படுகின்றன. பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பெரும்பாலான கற்களில் உண்டு. ஆனால் அவை பிரித்தானியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர் முதலிய கைதிகளுடைய கல்லறைகள்.

அந்தப் பாதையிலே வேலை செய்த போர்க் கைதிகள் சுமார் அறுபதாயிரம். அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கும் என்பது பரவலான மதிப்பு. பர்மியர், மலாயர், யாவாக்காரர், சீனர், இவர்களோடு மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். நல்ல சம்பளம், மூன்று மாத வேலை என்று சொல்லி ஏற்றினார்கள். அதற்கு ஆள் கிடைக்காதபோது பிடித்து ஏற்றினார்கள். சிலர் மனைவி மக்களோடு போனார்கள். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்திலே வாந்திபேதி பரவியபோது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்ல அவர்களுக்கு ஒருவர் இல்லை. சோற்றுக்காக அடி வாங்கப் போவதற்கு ஒரு கேணல் இல்லை. பிந்திய காலத்திலே கைதிகளான வைத்தியர்கள் சிலர் அவர்களுடைய முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், ஆனால் அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. போர்க் கைதிகளின் அதிகாரிகள், பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், இறந்தவனின் பெயரையும் புதைத்த இடத்தையும் எழுதி மூங்கிற் குழாய்களுக்குள் ஒளித்து வைத்தார்கள். அந்தக் கடதாசிகளைக் கொண்டுதான் பின்னாளிலே கற்களிற் பெயர் வெட்டினார்கள். தமிழர்களுக்கு அப்படி எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. காட்டிலே புதைத்த இடத்தைக் காடு மூடிவிட்டது.

ஆகவே, ஐயா, உங்கள் பெரியப்பாவின் பெயர் அங்கே இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன். கித்துல்கலப் படத்தைக் கழற்றவேண்டுமா என்றும் நீங்கள் கேட்டீர்கள். கழற்ற வேண்டாம். படத்தின் கீழே ஒரு தாளில் அவருடைய பெயரையும், பிறந்த ஆண்டையும், மலாயாவுக்குப் போன ஆண்டையும் எழுதி ஒட்டிவையுங்கள்.

வாசகர்களே, மயிலிட்டியில் மட்டுமல்ல, ஊறணியிலும் பலாலியிலும் தீவுப் பகுதிகளிலும் மலாயாவுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருக்கக்கூடும். பெயரும், ஊரும், தெரிந்தால் தோட்டத்தின் பெயரும் எழுதி, பங்குத்தந்தையிடம் கொடுங்கள். ஐப்பசி முடிவதற்குள் எமது காரியாலயத்துக்கு வந்து சேருபவற்றைக் கார்த்திகை 2ஆந் திகதிக்கு முந்திய இதழிலே வெளியிடுவோம். அந்த நாட் பூசையிலே மயிலிட்டிக் காணிக்கை மாதா கோவிலில் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும்.